ஜூடோ தந்த பேராசான்

தம்மைத் தாம் காத்துக்கொள்ளுதல் உயிர்களுக்கெல்லாம் இயற்கை அளித்த உரிமையாகும். யானைக்குத் தந்தத்தையும், மானுக்கு விரைந்தோடும் கால்களையும், முள்ளம்பன்றிக்குக் கூரிய முட்களையும் வழங்கிய இயற்கை, மனிதனுக்கு அறிவை வழங்கியது. அவ்வறிவின் துணைகொண்டு, மெலியோரும் வலியோரிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்ளும் கலைகளை மக்கள் கண்டனர். ஆயினும், அக்கலைகள் நெடுங்காலம் போர்வீரர்க்கே உரியனவாக இருந்தன. பெண்டிரும் சிறுவரும் அவற்றைக் கண்டு வியந்தனரேயன்றிக் கற்றிலர். அந்நிலையை மாற்றித் தற்காப்புக் கலையைப் பள்ளிக்கும், வீட்டிற்கும், ஆடவர் பெண்டிர் அனைவர்க்கும் உரியதாக்கியவர் ஒரு பள்ளி ஆசிரியர். அவர் பெயர் ஜிகோரோ கானோ. அவருடைய வாழ்க்கை வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

பிறப்பும் இளமையும்

ஜப்பான் நாட்டில், இன்று கோபே நகரத்தின் ஒரு பகுதியாக விளங்கும் மிக்காகே என்னும் கடற்கரை ஊரில் 1860ஆம் ஆண்டு கானோ பிறந்தார். அரிசியிலிருந்து வடிக்கப்படும் சாக்கே என்னும் மதுவிற்கு அவ்வூர் பெயர் பெற்றது. கானோவின் தாய்வழிக் குடும்பத்தார் அத்தொழிலில் சிறந்து விளங்கியவர்கள். தந்தையார் ஜிரோசாக்கு கப்பல் வாணிகத்தில் ஈடுபட்டுப் பின்னர் அரசாங்கப் பணியில் அமர்ந்தார். கல்வியே தம் மக்களுக்குத் தாம் சேர்த்து வைக்கத்தக்க செல்வம் என்பது அவர் கொள்கை. ஆதலால், இளமையிலேயே சீன மொழி நூல்களையும், எழுத்துக் கலையையும் மகனுக்குக் கற்பிக்க ஏற்பாடு செய்தார்.

அன்னையார் சதாகோ கனிந்த உள்ளமும் கண்டிப்பும் ஒருங்கே வாய்ந்தவர். தம் நலத்தைப் பின்னிறுத்திப் பிறர் நலத்தை முன்னிறுத்தும் பண்பினர். அவ்வன்னையைக் கானோ பத்து வயது நிறைவதற்குள்ளாகவே இழந்தார். ஆயினும், அன்னை ஊன்றிய வித்து அவர் உள்ளத்தில் அழியாமல் நின்று, பிற்காலத்தில் பெருமரமாக வளர்ந்தது. அதனைப் பின்னர்க் காண்போம்.

அன்னையார் மறைந்த சில காலத்திற்குப் பின், தந்தையார் மகனைத் தோக்கியோ நகருக்கு அழைத்துச் சென்றார். அங்கே கானோ ஆங்கிலம் முதலிய மேனாட்டுக் கல்வியைக் கற்கத் தொடங்கினார். கணக்கிலும் மொழியிலும் அவர் எப்பொழுதும் முதல் வரிசையில் நின்றார். எனினும், அவருடைய உடல் மெலிந்தது. முழு வளர்ச்சி எய்திய பின்னரும் அவர் உயரம் ஏறத்தாழ ஐந்தடி இரண்டங்குலமே. எடையோ, இளமையில் 41 கிலோ அளவினதாகவே இருந்தது.

பதினான்கு வயதளவில் அவர் விடுதியோடு கூடிய பள்ளியொன்றில் சேர்ந்தார். அங்கே படிப்பில் சிறந்த இம்மெலிந்த சிறுவனைக் கண்டு, உடல் வலிமை மிக்க மாணவர் சிலர் பொறாமை கொண்டனர். அவரை எள்ளினர், இழுத்துச் சென்று அடித்தனர். அறிவில் எவ்வளவு உயர்ந்தும், கைவலிமை உடையவன் முன் தாம் ஒன்றும் செய்ய இயலாதவராக நிற்பதை எண்ணி எண்ணிக் கானோ உள்ளம் நொந்தார். இந்நிலையில் வேறொரு சிறுவன் படிப்பை விடுத்து ஓடியிருக்கலாம். அல்லது பகைமையை உள்ளத்தில் வளர்த்துக் கொடியவனாக மாறியிருக்கலாம். கானோ இவ்விரண்டையும் செய்யவில்லை. தம்மினும் வலியவனை மெலியவனும் வெல்லத்தக்க வழி ஏதேனும் உண்டா என்று ஆராயத் தொடங்கினார்.

ஆசிரியரைத் தேடிய மாணவர்

ஜப்பானில் ஜுஜுத்சு என்னும் பழமையான கலையொன்று இருந்தது. படைக்கலம் இன்றி வெறுங்கையோடு பகைவரைப் பிடித்து வீழ்த்தும் கலை அது. சாமுராய் எனப்படும் போர்வீரர் அதனைப் பயின்று வந்தனர். கானோ மாணவராக இருந்த காலத்தில் நாட்டின் நிலை மாறிவிட்டது. பேரரசர் மெய்ஜியின் ஆட்சியில் புதுமை எங்கும் பரவியது. 1876ஆம் ஆண்டில் சாமுராய்கள் வாள் தாங்குவதும் தடை செய்யப்பட்டது. பழைய கலைகள் காலத்திற்கு ஒவ்வாதன என்று மக்கள் எண்ணினர். ஜுஜுத்சு ஆசிரியர்கள் மாணவரின்றி வறுமையுற்றனர். அவருட் சிலர் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டு வயிறு வளர்த்தனர்.

கானோவின் இல்லத்திற்கு வந்து செல்வோருள் இக்கலையை அறிந்த பெரியோர் சிலர் இருந்தனர். தமக்குக் கற்பிக்குமாறு கானோ அவர்களை வேண்டினார். இக்காலத்தில் இது பயனற்றது என்று கூறி அவர்கள் மறுத்தனர். தந்தையாரும் அவ்வாறே கருதினார். இதனால் கானோ மனம் தளரவில்லை. 1877ஆம் ஆண்டில் தோக்கியோப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பின்னர், எலும்பு கட்டும் மருத்துவர் எவர் எவர் என்று தெருத் தெருவாகத் தேடலானார். மருத்துவரைக் கண்டால் ஜுஜுத்சு ஆசிரியரைக் காணலாம் என்பது அவர் துணிவு. அத்துணிவு வீண்போகவில்லை. யாகி என்னும் முதிய மருத்துவர் ஒருவர், புக்குடா ஹாச்சினொசுகே என்னும் ஆசிரியரிடம் அவரை அனுப்பி வைத்தார்.

புக்குடாவின் பயிற்சிக் கூடம் மிகச் சிறியது. மாணவரும் ஒரு சிலரே. அவர் கற்பித்த முறையோ விந்தையானது. ஒரு நாள் ஆசிரியர் தம்மை வீழ்த்திய பிடியொன்றைப் பற்றி, கை எங்கே, கால் எங்கே என்று கானோ நுணுகி வினவினார். ஆசிரியர் விடை ஏதும் பகராமல் மீண்டும் அவரைத் தூக்கி எறிந்தார். கானோ எழுந்து மறுபடியும் வினவினார், மறுபடியும் எறியப்பட்டார். இவ்வாறு பலமுறை நிகழ்ந்தது. பன்முறை பழகினாலன்றி இக்கலை விளங்காது என்பதை ஆசிரியர் இவ்வாறு உணர்த்தினார். கானோவின் உடல் முழுதும் காயங்கள் நிறைந்தன. அவற்றிற்கு அவர் பூசிய மருந்தின் நெடி கல்லூரித் தோழரிடையே நகைப்பிற்கு இடமாயிற்று. நகைத்தவர் நகைக்க, அவர் நாள்தோறும் பயிற்சிக்குச் சென்றார்.

அக்கூடத்தில் புக்குஷிமா என்னும் பெருத்த உடலினர் ஒருவர் இருந்தார். அவரைக் கானோவால் அசைக்கவும் இயலவில்லை. பிறராயின் இவர் தம்மினும் வலியவர் என்று விட்டிருப்பர். கானோ நூல் நிலையத்திற்குச் சென்றார். மேனாட்டு மற்போர் பற்றிய நூல்களைப் புரட்டினார். எதிரியின் கீழே தாழ்ந்து புகுந்து, அவரைத் தம் தோள்களின்மேல் ஏற்றிச் சுழற்றி வீழ்த்தும் முறையொன்றைக் கண்டார். அதனைப் பழகி, ஒரு நாள் அப்பெருத்த உடலினரைத் தூக்கி எறிந்தார். இதுவே இன்று ஜூடோவில் கடகுருமா, அஃதாவது தோட்சக்கரம் எனப்படும் முறையாகும். உடலால் முடியாததை அறிவால் முடிக்கலாம் என்னும் நம்பிக்கை அன்று அவருக்கு உறுதிப்பட்டது.

1879ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டின் முன்னாள் தலைவர் கிராண்ட் தோக்கியோ நகருக்கு வந்தார். அவர் முன்னிலையில் ஜுஜுத்சுவைச் செய்து காட்டியோருள் புக்குடாவும் அவருடைய மாணவர் கானோவும் இருந்தனர். இது நிகழ்ந்த சின்னாட்களில் புக்குடா இயற்கை எய்தினார். அவர் காத்துவந்த கலைச் சுவடிகளை அவர் குடும்பத்தினர் கானோவிடம் ஒப்படைத்தனர். பெற்ற மக்களுக்குரிய அவ்வுரிமையை மாணவராகிய தமக்கு வழங்கிய அக்குடும்பத்தைக் கானோ என்றும் மறந்திலர்.

கோடோகன் தோன்றியது

பின்னர்க் கானோ இசோ, ஈகுபோ என்னும் ஆசிரியர் இருவரிடமும் பயின்றார். ஒவ்வோர் ஆசிரியரிடமும் ஒவ்வொரு சிறப்பு இருந்தது. அவற்றை ஒப்பிட்டு நோக்கியபோது, எல்லாவற்றிற்கும் அடிப்படையாக ஓர் உண்மை இருப்பதை அவர் கண்டார். நிலையாக நிற்கும் ஒருவனை வீழ்த்துவது அரிது. அவன் தள்ளும்போதோ இழுக்கும்போதோ அவனது நிலை சற்றே தளரும். அத்தளர்ச்சியை அறிந்து பயன்படுத்தினால் சிறு விசையே போதும். இதனை அவர் எண்களால் விளக்குவது வழக்கம். பத்துப் பங்கு வலிமை உடையவன் ஏழு பங்கு வலிமை உடையவனைத் தள்ளுகிறான் என்று கொள்வோம். எதிர்த்து நின்றால் ஏழு தோற்கும். எதிர்க்காமல் பின்வாங்கினால், தள்ளியவன் முன்னே சாய்ந்து நிலை இழப்பான். அந்நிலையில் அவனிடம் மூன்று பங்கு வலிமையே எஞ்சும். அப்பொழுது ஏழு பங்கு உடையவன் தன் வலிமையில் பாதியைக் கொண்டே அவனை வெல்லலாம். வெள்ளத்தில் ஆலமரம் வீழ, நாணல் வளைந்து பிழைப்பதை நாம் அறிவோம். கானோ கண்ட உண்மையும் அத்தகையதே. வளைதல் தோல்வியன்று, காலமறிந்து வளைதல் வெற்றிக்கு வழியாகும்.

1882ஆம் ஆண்டில் கானோவுக்கு வயது இருபத்திரண்டும் நிறையவில்லை. அவ்வாண்டில் அவர் தோக்கியோவிலுள்ள எய்ஷோஜி என்னும் புத்தர் கோயிலில் சில அறைகளைப் பெற்று, பன்னிரண்டு பாய்கள் விரித்த சிறு கூடம் ஒன்றை அமைத்தார். முதலாண்டில் சேர்ந்த மாணவர் ஒன்பதின்மரே. அதற்குக் கோடோகன் என்று பெயரிட்டார். வழியைக் கற்கும் இல்லம் என்பது அதன் பொருள். கலையின் பெயரையும் மாற்றினார். ஜுஜுத்சு என்பது நெகிழ்வின் நுட்பம் எனப் பொருள்படும். அதனை ஜூடோ, அஃதாவது நெகிழ்வின் நெறி என்றார். நுட்பம் கைக்கு உரியது. நெறி வாழ்வுக்கு உரியது. இப்பெயர் மாற்றத்தில் அவருடைய நோக்கம் முழுதும் அடங்கியிருந்தது.

மாணவர் ஒருவரையொருவர் தூக்கி எறிந்தபோது கோயில் தரை அதிர்ந்தது, மரச்சட்டங்கள் முறிந்தன. கோயில் குருவுக்கு இது பெருந்தொல்லையாயிற்று. கானோ கையில் விளக்கேந்தித் தரையின் அடியில் புகுந்து, முறிந்த சட்டங்களைத் தாமே செப்பனிட்டார். பகலில் அவர் பிரபுக்களின் மக்கள் பயிலும் பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றினார். மாலையில் மாணவர்க்கு ஜூடோ கற்பித்தார். இரவில் கண்விழித்து நூல்களை மொழிபெயர்த்துப் பொருள் ஈட்டினார். அப்பொருளைக் கொண்டு வறிய மாணவர்க்கு உணவும் உடையும் உறையுளும் அளித்தார்.

ஒரு குடும்பம்

கானோவின் இல்லம் ஒரு பள்ளியாகவும் விளங்கியது. உறவினரும் நண்பரும் தம் மைந்தரை அவரிடம் ஒப்புவித்தனர். செல்வர் வீட்டுச் சிறுவரும் வறியவர் வீட்டுச் சிறுவரும் ஒன்றாக உறங்கி, ஒன்றாக உண்டனர். விடியலில் எழுந்து வீட்டைப் பெருக்கித் துடைத்தனர். பின்னர் நூல் பயின்றனர். உரிய வேளையில் ஜூடோ பழகினர். முதற்கண் அவர்கள் கற்றது பிறரை வீழ்த்தும் முறையன்று. தாம் அடிபடாமல் விழும் முறையே. கையால் பாயைத் தட்டி, உடலை உருட்டி, தலை தரையிற் படாமல் விழக் கற்றனர். விழக் கற்றவனே அஞ்சாமல் எழக் கற்றவன் அல்லனோ?

இன்னொன்றும் அங்கே கற்பிக்கப்பட்டது. தன்னோடு பயிலும் தோழனைக் காத்தல் ஒவ்வொருவருக்கும் கடமையாயிற்று. தோழனை எறியும்போதே அவன் கையைப் பற்றித் தாங்க வேண்டும். பிடியில் அகப்பட்டவன் கையால் தட்டினால் உடனே விட்டுவிட வேண்டும். உறுப்பைச் சிதைக்கும் கொடிய முறைகளைக் கானோ நாள்தோறும் நடைபெறும் பயிற்சியிலிருந்து நீக்கினார். தோழன் காயமுற்றால் நாளை யாரோடு பயில்வது? பிறனைக் காத்தலே தன் கல்வியைக் காத்தல் என்பதை மாணவர் இவ்வாறு உணர்ந்தனர்.

1891ஆம் ஆண்டில் கானோ சுமாகோ என்னும் பெண்மணியை மணந்தார். ஈராண்டுகள் கழித்து, ஆஷியா சுவேகோ என்னும் பெண் ஜூடோ கற்க விரும்பி அவரை அணுகினார். அக்காலத்தில் இது எவரும் எண்ணிப் பாராத செய்தி. பெண்டிர் உடல் மென்மையானது என்றும், கடும்பயிற்சி அவர்க்குத் தீங்கு தரும் என்றும் பலர் கருதினர். மெலியோர்க்காகவே இக்கலையை ஆராய்ந்த கானோவோ, மெலியோர் என்று உலகம் கூறும் பெண்டிரை எங்ஙனம் விலக்குவார்? அதே வேளையில், ஆராயாது எதனையும் செய்தல் அவர் இயல்பன்று. பெண்டிர்க்கு ஏற்ற முறை எது, ஏலாத முறை எது என்று அறிய விரும்பினார். அவ்வாராய்ச்சிக்குத் தம் இல்லத்தையே களமாக்கினார். அவருடைய மனைவியாரும், பின்னர் வளர்ந்த பெண்மக்களும் அவரிடம் ஜூடோ பயின்றனர்.

இங்கு நாம் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பிறர் பெண்களை வைத்து ஆராய்வது எளிது. தம் மனைவியையும் மக்களையும் முதல் மாணவியருள் வைத்துக் கற்பிப்பவர், தாம் கூறுவதில் முழு நம்பிக்கை உடையவராக இருத்தல் வேண்டும். தீங்கு நேருமாயின் அது முதலில் தம் வீட்டிற்கே நேரும் என்பதைக் கானோ அறிந்திருந்தார். ஆதலால் அவர் விரைந்தாரல்லர். ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல ஆராய்ந்தார்.

ஜூ-நோ-கட்டா என்னும் பயிற்சி அவர் வகுத்தவற்றுள் ஒன்று. அது பதினைந்து முறைகளைக் கொண்டது. இருவர் எதிரெதிரே நின்று, ஒருவர் தாக்க, மற்றவர் நெகிழ்ந்து விலகி, அத்தாக்குதலை அடக்குவர். எல்லாம் மெதுவாகவே நிகழும். எவரும் தரையில் வீழ்வதில்லை. அதற்குத் தனிக் கூடமும் வேண்டா, பாயும் வேண்டா, நாம் உடுத்தும் உடையே போதும். முதியோரும் சிறுவரும், கணவனும் மனைவியும், தாயும் மகளும் வீட்டு முற்றத்திலேயே இதனைப் பழகலாம். பிற்காலத்தில், 1927ஆம் ஆண்டளவில், நாட்டு மக்கள் அனைவர்க்கும் ஏற்ற உடற்பயிற்சி ஒன்றையும் அவர் வகுத்தார். செலவின்றி, சிறிது இடத்தில், தனியாகவும் இருவராகவும் செய்யத்தக்கது அது. கூடத்தில் பிறந்த கலை இவ்வாறு குடும்பத்திற்கு வந்து சேர்ந்தது.

1926ஆம் ஆண்டில் கோடோகனில் மகளிர் பிரிவு முறையாகத் தொடங்கப்பெற்றது. கானோவின் மூத்த மகளார் நோரிகோ அப்பிரிவை வழிநடத்தும் பொறுப்பை ஏற்றார். தந்தையிடம் வீட்டில் கற்ற கலையை நாட்டுப் பெண்களுக்கு வழங்கும் பேறு அவருக்குக் கிடைத்தது. எனினும், அக்காலத்து எல்லைகளை அப்பிரிவு முற்றும் கடந்துவிடவில்லை. மகளிர்க்குப் போட்டிகள் இல்லை. அவர் பெறத்தக்க படித்தரங்களுக்கும் நெடுங்காலம் வரம்பு இருந்தது. அவ்வேலிகள் கானோ மறைந்து பல்லாண்டுகள் சென்ற பின்னரே நீங்கின. ஆயினும், வாயிலைத் திறந்தவர் அவரே என்பதை மறுப்பார் இலர்.

பணிகளும் பண்பும்

கானோ ஜூடோ ஆசிரியர் மட்டும் அல்லர். ஜப்பானியக் கல்வியின் தூண்களுள் ஒருவரும் ஆவார். 1889ஆம் ஆண்டில் ஐரோப்பாவிற்குச் சென்று அந்நாடுகளின் கல்வி முறைகளை ஆராய்ந்தார். அப்பயணத்தினின்று திரும்பும் வழியில் நிகழ்ந்ததாக ஒரு செய்தியை அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். கப்பலில் உடல் பெருத்த அயல்நாட்டார் ஒருவர், இம்மெலிந்த மனிதரின் கலையை எள்ளி, அவரைப் பற்றிப் பிடித்தார். கானோ அவரைத் தூக்கி எறிந்தார். எறியும்போதே, அவர் தலை தளத்தில் மோதாதவாறு தம் கையால் தாங்கிக்கொண்டார். கண்டோர், அவர் வென்றதைவிடத் தாங்கியதையே பெரிதும் வியந்தனர். பள்ளியில் அடிபட்ட சிறுவன் அன்று உண்மையான வெற்றியை எய்தினான் எனலாம்.

1893ஆம் ஆண்டு முதல், இடையில் சிற்சில காலம் நீங்கலாக, 1920ஆம் ஆண்டு வரை தோக்கியோ உயர்நிலை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் தலைவராகக் கானோ விளங்கினார். அங்குப் பயின்ற ஆசிரியர்கள் நாடெங்கும் சென்று கல்வியோடு உடற்பயிற்சியையும் பரப்பினர். சீன நாட்டிலிருந்து வந்த மாணவர்க்கும் அவர் ஒரு பள்ளி அமைத்தார். பிற்காலத்தில் பெரும்புகழ் எய்திய சீன எழுத்தாளர் லூ சுன் அப்பள்ளியில் பயின்றவரே.

1909ஆம் ஆண்டில் உலக ஒலிம்பிக் குழுவின் உறுப்பினராகக் கானோ தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆசியாவிலிருந்து அக்குழுவிற் சென்ற முதல்வர் அவரே. 1912ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் நகரில் நடைபெற்ற விளையாட்டு விழாவிற்கு ஜப்பான் முதன்முறையாக வீரர் இருவரை அனுப்பியது. அவர்களுடன் சென்றவர் கானோ.

இத்துணைப் பணிகளுக்கு இடையே அவர் தம் கலையின் உட்பொருளை இரண்டு கொள்கைகளாக வகுத்தார். உடலாற்றலையும் மன ஆற்றலையும் வீணாக்காது நல்வழியிற் செலுத்துதல் ஒன்று. தானும் பிறரும் ஒருங்கே நலம் பெற முயலுதல் மற்றொன்று. முதலாவது அறிவு, இரண்டாவது அன்பு. இரண்டாவது கொள்கையைக் காணும்போது, பிறர் நலத்தை முன்னிறுத்திய அன்னை சதாகோவின் நினைவு நமக்கு வருகின்றது அல்லவா? இளமையில் ஊன்றிய வித்து இவ்வாறு மரமாகிக் கனி ஈந்தது.

ஆசிரியரின் பேத்தி

தம் முதல் ஆசிரியர் புக்குடா மறைந்து அரை நூற்றாண்டு கடந்த பின்னரும், கானோ அவர் குடும்பத்தை மறக்கவில்லை என்றோம். அவ்வாசிரியரின் நினைவாக நடைபெற்ற விழா ஒன்றில், அவருடைய பேத்தி கெய்கோ புக்குடாவைக் கண்டார். ஐந்தடி உயரமும் நிரம்பாத அந்நங்கையை ஜூடோ பயில வருமாறு அவரே அழைத்தார். 1935ஆம் ஆண்டில் கெய்கோ கோடோகனின் மகளிர் பிரிவிற் சேர்ந்தார். பாட்டனார் கானோவுக்கு அளித்ததைக் கானோ பேத்திக்குத் திருப்பி அளித்தார்.

அந்நங்கை பின்னர் அமெரிக்க நாட்டில் குடியேறி, சான் பிரான்சிஸ்கோ நகரில் கூடம் அமைத்து, தம் தொண்ணூற்றெட்டாம் வயதைக் கடந்தும் கற்பித்து வந்தார். 2011ஆம் ஆண்டில் அமெரிக்க ஜூடோச் சங்கம் ஒன்று அவருக்குப் பத்தாம் படித்தரத்தை வழங்கியது. அதற்கு முன் உலகில் எப்பெண்ணும் அதனைப் பெற்றதில்லை. 2013ஆம் ஆண்டில், நூறாண்டு நிறைவதற்குச் சில திங்களே இருக்கையில், அவர் மறைந்தார்.

மறைவும் நிலைபேறும்

1938ஆம் ஆண்டில் எகிப்து நாட்டின் கெய்ரோ நகரில் ஒலிம்பிக் குழுவின் கூட்டம் நடைபெற்றது. எழுபத்தேழு வயதினராகிய கானோ அதில் கலந்துகொண்டு, அமெரிக்கா வழியாக நாடு திரும்பினார். ஹிக்காவா மாரு என்னும் கப்பலில் வரும்போது நுரையீரல் அழற்சி கண்டது. மே மாதம் 4ஆம் நாள், தாயகத்தின் கரையைக் காண்பதற்கு முன்னரே, கடல் நடுவில் அவர் உயிர் பிரிந்தது.

அவர் மறைந்த பின்னர் அவருடைய மருகர் நங்கோ ஜிரோவும், 1946ஆம் ஆண்டில் மகனார் ரிசெய் கானோவும், 1980ஆம் ஆண்டில் பேரர் யுகிமிட்சு கானோவும் கோடோகனின் தலைமையை ஏற்றனர். 1964ஆம் ஆண்டில் தோக்கியோவில் நடைபெற்ற ஒலிம்பிக் விழாவில் ஜூடோ முதன்முறையாக இடம்பெற்றது. அவ்விழாவில் ஜூ-நோ-கட்டாவைச் செய்து காட்டியவருள் கெய்கோ புக்குடாவும் ஒருவர். 1992ஆம் ஆண்டில் பார்சிலோனா நகரில் மகளிரும் ஒலிம்பிக் பதக்கங்களுக்காகப் போட்டியிட்டனர். பன்னிரண்டு பாய்களில் தொடங்கிய கலை இன்று உலக நாடுகளிலெல்லாம் பயிலப்படுகின்றது. தந்தையும் மகளும், தாயும் மகனும் ஒரே கூடத்தில் நின்று, ஒருவரையொருவர் வணங்கிப் பயிற்சி தொடங்கும் காட்சியைப் பல ஊர்களில் காணலாம்.

மாணவர்களே! வலியவன் மெலியவனை வருத்துவது எக்காலத்தும் உள்ளது. வருத்தப்பட்டவர் தாமும் வலிமை பெற்ற பின் பிறரை வருத்த முற்படுவதும் உலகில் உண்டு. கானோ அத்தொடரை அறுத்தார். தாம் பெற்ற வலிமையைத் தம்மை அடித்தவர்மேல் செலுத்தினாரல்லர். மெலிந்த சிறுவர்க்கும், வறிய மாணவர்க்கும், தம் மனைவிக்கும் மக்களுக்கும், ஆசிரியரின் பேத்திக்கும் அதனைப் பகிர்ந்தளித்தார். தற்காப்பு என்பது தன்னை மட்டும் காத்தல் அன்று; தன்னோடு இருப்பாரையும், தன்னை எதிர்ப்பாரையும் கூடத் தீங்கினின்று காத்தலாகும். வீட்டிலுள்ளோர் அனைவரும் கூடி இதனைக் கற்பராயின், வீடும் வலிமை பெறும். அவ்வலிமையால் நாடும் நலம் பெறும்.